எடை குறைக்கும் ஆபரேஷன்: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?



இந்த வரிசையில் ‘ஆபரேஷன்’ என்று எழுதினாலே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றுதான் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். இந்தப் பாடம் வேறு. மிகுந்த உடல் பருமனுக்காக இரைப்பையில் செய்கிற ஆபரேஷனைப் பற்றியது. ‘இதெல்லாம் பட்டணத்துக்காரங்க வியாதி, நமக்கு எதுக்கு?’ என்று கேட்ட காலம் உண்டு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க நிற்கிறவர்களின் வரிசையைப் பார்த்தாலே அதற்குப் பதில் தெரிந்துவிடும்.

தகுதியானவருக்கு இந்த ஆபரேஷன் நன்மை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு எடை குறையும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் போகிறவர்கள், நன்றாகக் குறைந்த பிறகும் ஏமாந்துபோனதாகவே நினைக்கிறார்கள். அந்த ஏமாற்றம் வீட்டுக்குள் சண்டையாக மாறுகிறது. ஆகவே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் படித்துக் காட்டுங்கள்.

ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு வயது 34. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 110 கிலோ. சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது. அதற்குப் பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. கர்ப்பப்பை ஓரம் நீர்க்கட்டி என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய கல்யாணப் போட்டோவைக் கணவர் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“சார், அப்ப இவ 55 கிலோ. ஆபரேஷன் பண்ணா மறுபடி இப்படி ஆயிடுவாளா? ஆவான்னா சொல்லுங்க, நகையை அடகு வெச்சாவது பண்ணிடறேன்.”

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. போட்டோவையும் பார்க்கவில்லை.

“ஆகமாட்டாங்க” என்றேன். கணவரின் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் அதையே காட்டுகிறேன். அதற்கு முன், வயிற்றுக்குள் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

என்ன செய்கிறார்கள்?

வயிற்றின் மேலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு வைத்தியம். அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லேப்ராஸ்கோப் மூலம் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். அதே போலச் சிறு துளைகள் வழியாகத்தான் இதையும் செய்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள்.

இரண்டு முறைகள் அதிகம் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில் இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது சட்டைக் கை மாதிரி ஒடுங்கிய குழாயாக இருக்கும். அதனால்தான் இதற்கு ‘ஸ்லீவ்’ என்று பெயர். வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு பெரும்பாலும் உண்டாகிறது. ஆகவே பசியும் சில காலம் அடங்கியிருக்கும். மற்ற முறை ‘பைபாஸ்’. நெஞ்சுக்குச் செய்யும் பைபாஸ் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். இரைப்பையின் மேல்பக்கத்தில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். உணவு குறுக்கு வழியில் போகும்.

இது நேற்று வந்த வைத்தியம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் பைபாஸ் முறையைத் தொடங்கினார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள் இளைத்தே இருப்பதைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கைதேர்ந்த இடங்களில் உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். என்றாலும் தையல் போட்ட இடத்தில் கசிவு, இரத்தக் கசிவு, காலில் இரத்தம் உறைவது போன்றவை சிலருக்கு வரலாம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், படபடப்பு, தாங்க முடியாத வயிற்று வலி, மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் ‘காலையில பாத்துக்கலாம்’ என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கணக்கு

அந்தத் தம்பதிக்குப் போட்ட கணக்கு இது. ஸ்லீவ் முறையில், ஆபரேஷனுக்கு முன்பிருந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். பைபாஸில் நூற்றுக்கு 30 பங்கு வரை போகும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும்.

110 கிலோவில் நான்கில் ஒரு பங்கு 27½ கிலோ. 30 பங்கு என்றால் 33 கிலோ. ஆகவே 110 கிலோவாக இருந்தவர் 77-லிருந்து 83 கிலோ வரை வந்து நிற்பார். கல்யாணப் போட்டோவில் இருந்த 55-க்கு வரமாட்டார். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள அட்டவணையைப் பார்த்தால், 80 கிலோவிலும் அவர் ‘பருமன்’ என்ற கட்டத்தில்தான் இருப்பார்.

ஆஸ்பத்திரிகளில் இன்னொரு கணக்கும் சொல்வார்கள். ‘60 சதவீதம் குறையும்’ என்பார்கள். அது மொத்த எடையில் 60 சதவீதம் கிடையாது. தேவைக்கு மேல் இருக்கிற எடையில் 60 சதவீதம். நம் கணக்கில் மேலதிக எடை 55 கிலோ. அதில் 60 சதவீதம் 33 கிலோதான். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து சேருகின்றன. ஆனால் கேட்கிறவர் காதில் 60 என்ற எண் மட்டும் விழுந்து, 110-ல் 60 போனால் 50 கிலோ என்று மனக்கோட்டை கட்டிவிடுகிறார்கள். விளம்பரப் பலகைகளும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. ஆகவே டாக்டரிடம் கேட்கும்போது, “என் எடை எத்தனை கிலோவுல வந்து நிக்கும்?” என்று கிலோவில் கேளுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எடை எப்படி இறங்கும்?

ஒரே சீராக இறங்காது. முதல் மாதங்களில் கடகடவென்று இறங்கும். மூன்றாவது வாரத்தை ஒட்டியே பலருக்கு ஒருமுறை நின்றுபோகும். பயப்படத் தேவையில்லை, மறுபடி இறங்கும். ஆறு மாதத்துக்கு மேல் வேகம் தணியும். 12 முதல் 18 மாதத்துக்குள் அடிமட்டத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் குறையவில்லையே என்று மாதம் ஒரு டாக்டரை மாற்றுவதில் பயன் இல்லை.

பிறகு சில கிலோ திரும்ப ஏறும். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்வீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி, இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டாம் வருடம் சராசரியாக 23 சதவீத எடை குறைந்திருந்தது. பத்தாம் வருடம் 17 சதவீதம். இருபதாம் வருடம் 18 சதவீதம். அதாவது கொஞ்சம் ஏறி, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. அங்கே பெரும்பாலும் பழைய முறைகளில் செய்தார்கள்; இப்போதைய முறைகளில் இதைவிடக் கூடுதலாகவே குறைகிறது. அந்த ஆராய்ச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே சாவும் குறைந்திருந்தது. எடை கொஞ்சம் ஏறியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தாம்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்றால், எடை இறங்குவதை உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது. பசியையும் மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவருகிறது. நோயாளியின் சோம்பேறித்தனம் என்று இதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

தராசு நின்ற இடத்தில் ஆபரேஷன் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். சர்க்கரை பல பேருக்கு முதல் சில நாட்களிலேயே, எடை இறங்கும் முன்பே, குறையத் தொடங்குகிறது. சர்க்கரை வந்து சில வருடங்களே ஆனவர்களில் பலர் மாத்திரையையே நிறுத்த முடிகிறது. பல வருடம் இன்சுலின் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நின்ற சர்க்கரை பிற்காலத்தில் திரும்பவும் வரலாம் என்பதால் வருடா வருடம் இரத்தம் பார்க்க வேண்டும். பிரஷர், மூட்டு வலி, படுத்தால் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இவையும் குறையும். மாடி ஏற முடியாதவர் ஏறுவார். தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பார்.

குறையாதவை, புதிதாக வருபவை

தோல் தொங்கும். வயிறு, மேல்கை, மார்பு, தொடை ஆகிய இடங்களில் உள்ளே இருந்தது கரைந்து, உறை தங்கிவிடும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் சுருங்காது. மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகாமல் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொட்டும். சீப்பில் கற்றையாக வருவதைப் பார்த்து அழுத பெண்கள் உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் புரதமும் இரும்புச் சத்தும் குறைந்திருந்தால் வளராது. வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் வரலாம்.

சத்து மாத்திரை ஆயுள் முழுவதும் உண்டு. இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் டி, பி-12, ஃபோலிக் அமிலம். ‘மூணு மாசம் போட்டேன், அப்புறம் விட்டுட்டேன்’ என்றால், இரத்த சோகையும் எலும்புத் தேய்வும் கை கால் மரப்பும் பின்னாலேயே வரும். மாதவிலக்கு வரும் பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சாப்பாடு

முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைவானது, இரண்டு மாதத்துக்குள் சாதாரண உணவு. அளவுதான் மாறும். ஐந்து இட்லி சாப்பிட்டவருக்கு ஒன்றே நிறைந்துவிடும். வயிற்றில் இடம் கொஞ்சம் என்பதால் முதல் வாய் சோறாக இருக்கக் கூடாது. முட்டை, பருப்பு, மீன், சுண்டல் முதலில் போக வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. இரண்டு முட்டையில் 12 கிராம், இரண்டு டம்ளர் பாலில் 13, நூறு கிராம் மீனில் 20, ஒரு கிண்ணம் சுண்டலில் 8, கெட்டிப் பருப்பு ஒரு சிறு கிண்ணத்தில் 7. சாம்பாரின் மேல் தெளிவில் ஒன்றும் இல்லை. சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையிலும் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

ஆபரேஷனை ஏமாற்றுகிற உணவுகளும் உண்டு. கெட்டியான உணவு ஒடுங்கிய இரைப்பையில் நிற்கும். சர்க்கரை போட்ட காபி, கலர் பானம், ஐஸ்கிரீம், முறுக்கு, மிக்சர் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தே பழைய எடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். பைபாஸ் செய்தவர் இனிப்பை ஒரேயடியாகச் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்கும் வரும்.

ஆபரேஷன் செய்துகொள்கிறவர் கணவராக இருந்தால் இன்னொன்று. சாராயமோ பீரோ, பைபாஸுக்குப் பிறகு பழைய அளவில் பாதி குடித்தாலே போதை தலைக்கேறும். குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. இதை மனைவிமார் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உடம்பு வலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடுவதும் இருவருக்குமே கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும்.

வீட்டில் நடப்பது

நான் சொன்ன அந்த அம்மா ஆபரேஷன் செய்துகொண்டார். ஒரு மாதத்தில் 100 கிலோ. ஆறாம் மாதம் 86. ஊரே வந்து பார்த்தது. ஒன்பதாம் மாதம் 84-ல் வந்து நின்றது. அங்கிருந்து பேச்சு ஆரம்பமாயிற்று. “இம்மாம் பணத்தைக் கொட்டி, இன்னும் இப்படியேதான இருக்கா” என்றார் மாமியார். கணவர் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் கடைத்தெருத் தராசுக்கு அழைத்துக்கொண்டு போனார். சீட்டு வந்ததும் மடித்துப் பையில் போட்டுக்கொள்வாராம், ஒரு வார்த்தை பேசாமல்.

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? எண்ணைக் குறைப்பதற்காக முட்டையையும் பாலையும் விட்டார். இரண்டு வேளை வெறும் மோர். சத்து மாத்திரை போட்டால் எடை ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் நிறுத்தினார். களை எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது பழைய காகிதம், நான் கணக்கெழுதிக் கொடுத்தது, அவர்களிடம் இருந்தது. கணவரிடம் அதை எடுத்துவரச் சொன்னேன். 77-லிருந்து 83 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். “சொன்னீங்கதான் சார். எனக்குத்தான் மனசுல அந்தப் போட்டோவே இருந்துச்சு.” அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தார். “போட்டோவுல இருக்கறவளுக்குப் பத்தொம்பது வயசுங்க. எனக்கு முப்பத்தஞ்சு.”

அந்தக் காகிதத்தை மாமியாருக்கும் படித்துக் காட்டினோம். அந்த அம்மாள் முறைத்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மறுநாளிலிருந்து முட்டை வேகவைத்தது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. இரத்தம் ஏற மூன்று மாதம் பிடித்தது. பதினான்காம் மாதம் எடை 80 கிலோ. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்தியிருந்தார். கடைத்தெருத் தராசுக்கு இப்போது மாதம் ஒருமுறைதான், அதுவும் மனைவி சொன்னால்.

ஸ்வீடன் ஆராய்ச்சியில் இன்னொன்றையும் கண்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தம்பதியர் பிரிவதும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. நம் ஊரில் பிரிந்து போவது குறைவாக இருக்கலாம். ஒரே கூரையின் கீழ் பேசாமல் இருப்பது குறைவில்லை. சில கணவர்மார் மனைவி இளைத்ததும் சந்தேகப்படுகிறார்கள். சிலர் கேலி செய்கிறார்கள். விருந்து வீட்டில் ‘இன்னும் ஒரு வாய்’ என்று வற்புறுத்துகிற உறவினருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

குழந்தை விஷயம்

குழந்தைக்காகவே இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இருப்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எடை இறங்க இறங்க நின்றுபோன மாதவிலக்கு ஒழுங்காகும். பல வருடம் தங்காத கரு, ஆபரேஷன் ஆன சில மாதத்திலேயே தங்கிவிடலாம். அது சந்தோஷமான செய்தியாகத் தோன்றும். ஆனால் எடை வேகமாக இறங்குகிற அந்தக் காலத்தில் தாய்க்கே சத்து போதாது. குழந்தை எடை குறைந்து பிறக்கும். குறைந்தது 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப் போட வேண்டும்.

‘எனக்குத்தான் உண்டாகறதே இல்லையே, எதுக்குத் தடுப்பு?’ என்று இருந்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வாயால் சாப்பிடும் கருத்தடை மாத்திரையைப் பைபாஸ் செய்துகொண்டவர்கள் நம்பக் கூடாது. குடலில் சரியாகச் சேராமல் போகலாம். காப்பர்-டி நல்லது. வேண்டும்போது எடுத்துவிடலாம். ஆணுறை இலவசமாகவே கிடைக்கிறது. எது பொருந்தும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

தவறிக் கரு தங்கிவிட்டால் பயந்துகொண்டு கண்டதைச் சாப்பிடாதீர்கள். உடனே பதிவு செய்து, ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுப்பது வழக்கம். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு, முக்கியமாகப் பைபாஸ் ஆனவர்களுக்கு, அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே நர்ஸம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். வேறு வழியில் பார்ப்பார்கள்.

மேற்சொன்ன அம்மா காப்பர்-டி போட்டுக்கொண்டார். பதினெட்டாம் மாதம், இரத்தம் 12-ஐத் தொட்ட பிறகு, எடுத்துவிட வந்தார்கள். கணவரும் கூடவே வந்திருந்தார்.

நகையை அடகு வைக்கும் முன், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட மேஜையில், உங்களுக்குச் சொன்ன வைத்தியம் அதில் சேருமா என்று குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் காட்டிக் கேளுங்கள். யோசனை கேட்க வரும்போது உயரம், எடை, இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பமாட்டோம். ஆனால் மற்றவரையும் அழைத்துக்கொண்டு வரும்படி இன்னொரு நாள் குறித்துக் கொடுப்போம்.